ஆடி வருமுன் ஆயத்தம்

(இளம் அறிவியல் தாவரவியல், இரண்டாம் ஆண்டு மாணவி)

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவர்கள் நாம் அனைவரும். ஆனால் தேட வேண்டியது எதை என்று நான் கேட்டுக்கொண்டது கல்லூரிக்கு வந்த பிறகுதான். பட்டத்தையா? விதையையா? இரண்டையும்தான். அதிலும் ஒன்று உண்டு. ஆடி பிறந்த பிறகு தேடத் தொடங்கியவருக்கு இரண்டுமே அகப்படா.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது பங்குனி நடந்துகொண்டிருக்கும். தேர்வு முடிந்தால் கோடை விடுமுறை. சித்திரை, வைகாசி, ஆனி ஆகிய இம்மூன்று மாதங்களும் வீட்டுத் தோட்டத்தின் ஆயத்தக் காலம். நம்மில் பலர் வீட்டுக்குப் பின்னால் ஒரு சென்ட் நிலமாவது, கிணற்றடியில் நான்கு பாத்தியாவது இருக்கும். அந்தச் சிறு நிலத்தை ஆடிக்கு எப்படி ஆயத்தம் செய்வது, ஒவ்வொரு வேலைக்கும் அறிவியல் காரணம் என்ன என்று எழுதுவதே என் நோக்கம். அறிந்ததால் மட்டும் எழுதவில்லை. தவறு செய்து, அதனால் வீட்டுக்கு நட்டம் உண்டாக்கி, பிறகு கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

நான் செய்த பிழை

எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே உள்ள மானாவாரிக் கிராமம். அப்பா செங்கல் சூளையில் வேலை பார்க்கிறார். அம்மா களையெடுக்கவும் அறுப்புக்கும் போகிறார். வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் நிலம் உண்டு. ஐப்பசி முதல் மாசி வரை எங்கள் வீட்டுக் குழம்புக்குக் காய் அதில்தான். "சந்தைக்குப் போற காசு மிஞ்சுனா உன் நோட்டுக்கு ஆகும்" என்று அம்மா சொல்வார். என் முதலாண்டு ரெக்கார்டு நோட்டுகள் அவரையும் கத்தரியும் வாங்கித் தந்திருக்க வேண்டியவை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இடம் கிடைத்த அந்த ஆனி மாதம் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அடுப்புக்கு மேலே உறியில் தொங்கிய சுரைக்குடுக்கையை இறக்கிப் பார்த்தேன். உள்ளே சாம்பலும் விதைகளும். அவரை விதையில் நாலைந்து துளைத்துப் போயிருந்தன. "புழுத்த விதை எதுக்கும்மா? கடையில் பாக்கெட் விதை வாங்கலாம்" என்று சொல்லி எல்லாவற்றையும் குப்பைக்குழியில் கொட்டிவிட்டேன். அதில் என் அப்பத்தா காலத்திலிருந்து வழிவழியாக வந்த கத்தரி விதையும் இருந்தது.

அம்மா கோபிக்கவில்லை. "போகட்டும்த்தா. படிச்ச பிள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றார்.

அந்த ஆடியில் பாக்கெட் விதையில் வளர்ந்த கத்தரி நாற்று இருபத்து நான்கு நட்டோம். சீக்கிரம் வளரட்டும் என்று ஒவ்வொன்றின் தூரிலும் ஒரு கைப்பிடி யூரியா வைத்தேன். ஒரு வாரத்துக்குள் பதினைந்து செடிகள் கருகின. மீதி ஒன்பதும் அழகாகக் காய்த்தன. அவற்றில் நல்ல காய் பார்த்துப் பழுக்கவிட்டு விதை எடுத்து, மறு ஆண்டு ஆடியில் இருபது செடி நட்டேன். அந்த இருபதும் ஒரு தாய் பிள்ளைகளாகவே இல்லை. சில நீளக் காய், சில உருண்டை. சில ஊதா, சில வெளிறிய பச்சை. மூன்று செடிகள் காய்க்கவே இல்லை. இரண்டு ஆண்டும் சந்தையில் காய் வாங்கினோம். இந்தப் பிழைகளின் காரணத்தை வகுப்பிலும் ஆய்வகத்திலும் ஒவ்வொன்றாகக் கண்டுகொண்டேன். இனி வரிசையாகக் காண்போம்.

ஆடி ஏன்?

தமிழ்நாட்டின் ஆண்டு மழை சராசரியாக 900 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இதில் கிட்டத்தட்டப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைப்பது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவக் காலத்தில் கிடைக்கிறது. ஆடி என்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. பெருமழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும்போது, சிறு மழைகளை நம்பி விதைக்கும் காலம் இது.

ஐப்பசி மழையிலேயே விதைத்தால் என்ன? விதை அடித்துச் செல்லப்படும். தப்பியது நீர் தேங்கிய மண்ணில் மூச்சுமுட்டி அழுகும். ஆடியில் விதைத்தால், பெருமழை வரும்போது வேர் ஆழமாகப் பிடித்திருக்கும். கத்திரி வெயில் காலத்தில் கத்தரியும் தக்காளியும் பூவை உதிர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடும் வெப்பத்தில் மகரந்தம் வலுவிழப்பதே காரணம். ஆடியில் வைத்த செடி வெயில் தணிந்த பிறகு பூக்கிறது.

அவரைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பழைய பந்தல் அவரை குறும்பகல் தாவரம். இரவு நீண்டால்தான் பூக்கும். மதுரையில் ஆனி மாதத்து நெடும்பகலுக்கும் மார்கழி மாதத்துக் குறும்பகலுக்கும் வேறுபாடு ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மேல். நமக்கே தெரியாத இந்தச் சிறு வேறுபாட்டை இலையில் உள்ள பைட்டோகுரோம் என்னும் நிறமி அளந்துவிடுகிறது. தையில் அவரை விதைத்தால் கொடி பந்தலை மூடும், காய் வராது. "தையில போட்ட அவரை இலைக்குத்தான் ஆகும்" என்பார் அம்மா. பைட்டோகுரோம் என்ற சொல்லை அவர் கேட்டதில்லை, ஆனால் அதன் வேலையை அறிந்திருக்கிறார்.

சித்திரை: மண்ணைத் திறத்தல்

முதல் வேலை கோடைக் கொத்து. சித்திரையில் ஒரு மழை பெய்த ஈரத்தில் ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திப் புரட்டி, கட்டியை உடைக்காமல் வெயிலில் காயவிட வேண்டும். "சித்திரை மாதத்துப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்பது எங்கள் பக்கத்துச் சொல். மண்ணுக்குள் உறங்கும் கூட்டுப்புழுக்களும் கோரைக் கிழங்கும் மேலே வந்து வெயிலில் காய்கின்றன. மேல்மண் இளகியதால் அடுத்த மழை ஓடிவிடாமல் உள்ளே இறங்குகிறது.

திருவள்ளுவர் உழவு அதிகாரத்தில், ஒரு பலப் புழுதி கால் பலமாகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமல் பயிர் விளையும் என்கிறார். இது மிகைக்கூற்று என்றே முன்பு எண்ணியிருந்தேன். கென்யாவில் மண் ஆய்வு செய்த பெர்ச் என்பவர், நன்கு காய்ந்த மண் மீண்டும் நனையும்போது மக்கு வேகமாகச் சிதைந்து தழைச்சத்து திடீரென வெளிப்படுகிறது என்று 1958-இல் எழுதினார். இன்று மண்ணியலில் இது அவர் பெயராலேயே 'பெர்ச் விளைவு' என வழங்குகிறது. மண் காயும்போது நுண்ணுயிர்களில் பல மடிகின்றன. மண் துகள்களுக்குள் மறைந்திருந்த மக்கும் வெளிப்படுகிறது. மழை விழுந்ததும் எஞ்சிய நுண்ணுயிர்கள் அவற்றை உண்டு பெருகுகின்றன. அப்போது தழைச்சத்து பயிருக்கு எட்டும் வடிவத்துக்கு வருகிறது.

ஆனால் இது சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிப்பது போன்றது. ஆண்டுதோறும் எடுத்துக்கொண்டே இருந்தால் மண்ணில் மக்கு தீர்ந்துவிடும். அதனால்தானோ என்னவோ, உழுவதைவிட எரு இடுவது நல்லது என்று அடுத்த குறளிலேயே சொல்லிவிடுகிறார்.

உங்கள் மண் எத்தகையது என்று அறிய ஆய்வகம் வேண்டியதில்லை. ஒரு கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி அசையாமல் வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி படிய ஒரு நாளாவது ஆகும். மறுநாள் மூன்று அடுக்குகளின் உயரத்தை அளவுகோலால் அளந்தால் மண்ணின் அமைப்புத் தெரிந்துவிடும். எங்கள் மண்ணில் மணலே பாதிக்கு மேல். இத்தகைய மண்ணில் நீரும் நிற்காது, உரமும் நிற்காது. இரண்டையும் பிடித்து வைப்பது மக்கு ஒன்றுதான்.

வைகாசி: எரு

காய்கறிப் பயிருக்கு எக்டேருக்கு 25 டன் தொழு உரம் என்பது வேளாண் துறையின் பொதுப் பரிந்துரை. ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். கணக்கிட்டால் ஒரு சென்டுக்குச் சுமார் 100 கிலோ வருகிறது. எங்கள் ஒன்றரை சென்டுக்கு 150 கிலோ. அம்மாவின் கூடையால் அளந்தால் பதினைந்து கூடை.

அது நன்கு மக்கியதாக இருக்க வேண்டும். பச்சைச் சாணம் மண்ணுக்குள் மக்கும்போது சூடாகி இளவேரைத் தாக்கும். அதோடு வண்டுப் புழுக்களும் வந்து சேரும். வைக்கோலைப் போன்ற காய்ந்த பொருளை நேரடியாக மண்ணில் புதைத்தாலும் தவறு. அதில் கரிம அளவு தழைச்சத்தைப் போல் எண்பது மடங்கு வரை இருக்கும். நுண்ணுயிர்கள் அதை மக்கச் செய்வதற்காக மண்ணில் உள்ள தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். காய்ந்ததையும் பச்சையையும் கலந்து, இந்த விகிதம் இருபத்தைந்து, முப்பதுக்கு ஒன்று என்னும்படி குழியில் அடுக்கி, ஈரம் காயாமல் காத்து, மாதம் ஒருமுறை புரட்டிவிட்டால் மூன்று நான்கு மாதத்தில் மக்கும். ஆகவே இவ்வாண்டு ஆடிக்கு எரு வேண்டுவோர் பங்குனியிலேயே குழியை நிரப்ப வேண்டும். மக்கிய எருவில் சாண நாற்றம் இராது, மழை பெய்த மண்ணின் வாசம் இருக்கும். கையில் எடுத்தால் சூடு தெரியாது.

இனி என் யூரியாக் கதைக்கு வருகிறேன். கத்தரி ரகங்களுக்கு எக்டேருக்கு 100 கிலோ தழைச்சத்து, இரண்டு தவணையாக, என்பது பரிந்துரை. இரண்டடிக்கு இரண்டடி, அதாவது 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் எக்டேருக்கு ஏறத்தாழ 27,700 செடிகள். வகுத்துப் பார்த்தால் ஒரு செடிக்கு அதன் ஆயுள் முழுமைக்கும் 3.6 கிராம் தழைச்சத்து. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. எனவே ஒரு செடிக்கு மொத்தம் 8 கிராம் யூரியா, தவணைக்கு 4 கிராம். என் கைப்பிடியைப் பிறகு ஆய்வகத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். 45 கிராம்! ஒரு தவணைக்குரியதைப் போல் பதினொரு மடங்கைப் பச்சை நாற்றின் காலில் வைத்திருக்கிறேன்.

முதலாண்டுச் செய்முறை வகுப்பில் ரியோ இலையின் தோலை உரித்து அடர்த்தியான உப்புக் கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தோமே, நினைவிருக்கிறதா? செல்லுக்குள் இருந்த நீர் வெளியேறி, ஊதா நிறச் செல்சாறு சுருங்கி நடுவில் ஒதுங்கியது. கண்ணாடித் தகட்டில் அதைக் கண்டபோது எனக்கு என் பதினைந்து நாற்றுகள் நினைவுக்கு வந்தன. அவற்றின் வேரிலும் இதுவேதான் நடந்தது. வேர் மண்ணிலிருந்து நீர் எடுப்பதற்குப் பதிலாக, மண் வேரிலிருந்து நீரை எடுத்துக்கொண்டது.

உரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கணக்கிட்டு இட வேண்டும், தூரில் வைக்காமல் நான்கு விரல் தள்ளி இட வேண்டும், ஈரம் இருக்கும்போது இட வேண்டும் என்பதே நான் பெற்ற பாடம்.

விதை

ஆயத்தங்களில் முதன்மையானது விதை. சுரைக்குடுக்கையையும் சாம்பலையும் நான் பழம் பஞ்சாங்கம் என்று எண்ணினேன். விதையின் ஆயுளைக் குறைப்பவை ஈரமும் வெப்பமும். ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதையியலாளர் ஒரு எளிய விதி வகுத்தார். விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும் என்பது அது. ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள் இது பெரும்பாலும் பொருந்துகிறது. சாம்பல் ஈரத்தை உறிஞ்சுகிறது. வண்டின் உடலில் உராய்ந்து அதையும் காயவைக்கிறது. அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் புகை வண்டை அண்டவிடாது, காற்றும் உலர்ந்திருக்கும். நான் கண்ட நாலைந்து துளைகள் குடுக்கையின் குற்றமல்ல. அவ்வாண்டு எங்கள் வீட்டுக்கு எரிவாயு அடுப்பு வந்திருந்தது. புகை நின்றுவிட்டது. குடுக்கையை மட்டும் பழைய இடத்திலேயே தொங்கவிட்டிருந்தோம். புகையில்லா வீட்டில் விதையை நன்கு உலர்த்தி, சாம்பலோடு இறுக மூடிய புட்டியில் இட்டு, வெப்பம் படாத இடத்தில் வைப்பதே சரி.

அடுத்தது கலப்பினம். எங்கள் பேராசிரியர் மரபியல் வகுப்பில் மெண்டலின் பட்டாணிச் சோதனைகளை நடத்தினார். 1866-இல் மெண்டல் வெளியிட்ட கட்டுரை அது. நெட்டையையும் குட்டையையும் கலந்தால் முதல் தலைமுறை எல்லாம் நெட்டை. அவற்றின் விதையை விதைத்தால் இரண்டாம் தலைமுறையில் மூன்று நெட்டைக்கு ஒரு குட்டை. இரண்டு பண்புகளைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்பது, மூன்று, மூன்று, ஒன்று. பேராசிரியர் கரும்பலகையில் கட்டம் போட்டு நிரப்பிக்கொண்டிருந்தார். நான் என் நோட்டின் ஓரத்தில் நீளக் காய், உருண்டைக் காய், ஊதா, பச்சை என்று எங்கள் கொல்லைக் கத்தரியை எழுதிக்கொண்டிருந்தேன்.

பாக்கெட்டில் இருந்தது கலப்பின விதை. அதன் முதல் தலைமுறை ஒரே சீராக, வீரியமாக வளர்ந்து நன்றாகக் காய்க்கும். அது மெய். அதன் விதையைச் சேமித்தால் பண்புகள் பிரிந்துவிடும் என்பதும் மெய். ஆண்டுதோறும் புதிதாக வாங்க முடிந்தவர்க்கு அது ஏற்றது. 'கலப்பினம்' என்று பாக்கெட்டில் அச்சிட்டே இருந்தது. படிக்கத் தெரிந்த நான் அதைப் படித்தேன், பொருள் உணரவில்லை. பழைய ரகங்களோ பல தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கையாலும் தேர்வாலும் நிலைபெற்றவை. விதைத்ததே விளையும். எங்களைப் போன்ற வீட்டில் விதைக்குக் காசு கொடுக்காமல் அடுத்த ஆடியைச் சந்திக்கும் உரிமை அந்தக் குடுக்கைக்குள் இருந்தது.

இதை வீட்டில் சொன்னபோது அம்மா கேட்டார், "அப்ப நம்ம விதை நல்ல விதைதானத்தா?" நான் ஆம் என்றேன். "அதைத் தேடிப் பாப்போம்" என்றார், அவ்வளவே.

அவரையும் பீர்க்கும் அக்கம்பக்கத்தில் கிடைத்தன. கத்தரி கிடைக்கவில்லை. எங்கள் தெருவில் எல்லோருமே பாக்கெட்டுக்கு மாறியிருந்தார்கள். கடைசியில் அம்மாவுக்கு ஒரு நினைவு வந்தது. அத்தை கல்யாணமாகிப் போன புதிதில் அப்பத்தா மடியில் கட்டிக் கொடுத்த விதை அது. இந்தத் தைப்பொங்கலுக்கு அத்தை வீட்டுக்குப் போனோம். அவர்கள் கிணற்றடியில் நான்கு செடிகள் நின்றன. வெள்ளை வரி ஓடிய, சிறு உருண்டைக் காய். அம்மா ஒரு காயைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றார். மஞ்சளாகப் பழுத்த ஒரு பழத்தைப் பறித்துக்கொண்டு வந்தோம்.

விதை எடுக்கும் முறை இது. நன்கு பழுத்த பழத்தை அறுத்து, சதையைப் பிசைந்து நீரில் இட்டால் பொக்கு மிதக்கும், முற்றியது அடியில் தங்கும். தங்கியதை அலசி, நிழலில் துணி மேல் உலர்த்தி, பின் சாம்பல் கலந்து வைக்க வேண்டும். கத்தரி பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை செய்வதே என்றாலும் வண்டும் தேனீயும் கலப்பு உண்டாக்குவதுண்டு. அருகருகே இரண்டு ரகம் வைப்பவர்கள், விதைக்கென ஒதுக்கும் பூவை மொட்டாக இருக்கும்போதே மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டி, காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காம்பில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைக்கலாம்.

ஆனி: முளைப்பும் நாற்றும்

விதையைப் பாத்திக்குக் கொடுக்குமுன் சோதித்தறிய வேண்டும். எண்ணிப் பத்து விதையை ஈரத் துணியில் சுருட்டி வையுங்கள். வெண்டை நாலைந்து நாளிலும், கத்தரி ஏழு முதல் பத்து நாளிலும் முளைக்கும். பத்தில் எட்டு முளைத்தால் நல்ல விதை. ஐந்துதான் முளைத்தால் இரட்டிப்பாக விதைக்க வேண்டும். இரண்டு முளைத்தால் வேறு விதை தேட வேண்டும். அதற்கு நேரம் வேண்டுமே என்பதால்தான் ஆனித் தொடக்கத்திலேயே இதைச் செய்வது.

நான் இதை ஒரு பெரிய கண்டுபிடிப்பைப் போல் வீட்டில் விளக்கினேன். அம்மா சிரித்தார். "முளைப்பாரி போடுறது பின்ன எதுக்கு?" என்றார். நவதானியத்தை ஓட்டில் விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வளர்த்து, ஊரார் முன் தலையில் சுமந்து வருகிறோம். யார் வீட்டுத் தானியம் நன்றாக முளைத்தது என்பது ஊருக்கே தெரிந்துவிடுகிறது. இருளில் வளர்வதால் பச்சையம் உண்டாகாமல் வெளிறிய மஞ்சளாக, நெட்டையாக வளர்கின்றன. இதற்கு நிறமிழப்பு வளர்ச்சி என்று பாடத்தில் ஒரு பெயர் உண்டு. முளைப்பாரி தெய்வத்துக்கு எடுப்பது. அதோடு அது விதைச் சோதனையாகவும் இருந்திருக்கிறது.

கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் நாற்று விட்டு நடுபவை. கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 40 நாள், தக்காளிக்கு 25 நாள் நாற்று. ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் 2 அல்லது 3-இல் வரும். அன்று கத்தரி நட வேண்டுமானால் ஆனி நடுவில் நாற்றங்கால் போட வேண்டும். மிளகாய்க்கு அதற்கும் ஒரு வாரம் முன்பு. பாத்தியை அரையடி உயர்த்தி, கோடிழுத்து, அரை விரற்கடை ஆழத்தில் தூவி, வைக்கோலால் மூடுங்கள். முளை தெரிந்ததும் வைக்கோலை எடுத்துவிட வேண்டும். நெருக்கமும் நீர் மிகுதியும் சேர்ந்தால் பித்தியம் என்னும் நோய்க்கிருமி நாற்றின் கழுத்தை அழுக்கிச் சாய்த்துவிடும். டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சைத் தூள் கிடைத்தால், கிலோ விதைக்கு 4 கிராம் என்னும் கணக்கில் விதையோடு கலந்து விதைக்கலாம்.

வெண்டை, கொத்தவரை, அவரை, பீர்க்கு, புடல், பாகல், சுரை ஆகியவை நேரே ஊன்றுபவை. விதையின் பருமனைப் போல் இரண்டு, மூன்று மடங்கு ஆழம் போதும். பாகல், புடல் விதைகளுக்குத் தோல் தடிப்பு. ஓரிரவு ஊறவைத்து ஊன்றினால் விரைவில் முளைக்கும்.

ஆனியில் இன்னும் மூன்று வேலைகள் உண்டு. முதலாவது, பந்தலுக்குக் கால் ஊன்றுவது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். கொடி ஏறிய பிறகு கால் ஊன்றினால் வேர் அறுபடும். காற்று வரும் மேற்குப் பக்கம் ஓலைத் தட்டியோ சோளத்தட்டையோ கட்டினால் நாற்று சாயாது. இரண்டாவது, உதிரும் வேப்பம்பழங்களைப் பொறுக்கி, கொட்டையை நிழலில் உலர்த்துவது. உடைத்த பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சவர்க்காரம் கலந்து மாலையில் தெளித்தால் புழுக்கள் தோலுரித்து வளர முடியாமல் போகும். அதிலுள்ள அசாடிராக்டின் செய்யும் வேலை அது. மூன்றாவது, நீருக்கு வழி. பாத்திரம் கழுவும் நீரைக் கொல்லைக்குத் திருப்பலாம். துணி துவைத்த சவர்க்கார நீரை நேரே பாத்திக்கு விடக் கூடாது. அதிலுள்ள சோடியம் மண்ணை இறுக்கிவிடும். அதை வாழைக்கு விடுங்கள்.

முடிவாக

மாசிக் கடைசியில் அத்தை வீட்டுக் கத்தரியில் பத்து விதை எடுத்து முளைக்கவிட்டேன். ஒன்பதாம் நாள் ஏழு முளைத்தன. மீதி விதை சாம்பலோடு ஒரு புட்டியில் இருக்கிறது. சமையலறையிலிருந்து எடுத்து உள்ளறை அலமாரியில் வைத்திருக்கிறோம். ஆனியில் மீண்டும் ஒருமுறை சோதிப்பேன். அது உண்மையிலேயே அப்பத்தாவின் கத்தரிதானா, இத்தனை ஆண்டில் அத்தை ஊரில் வேறொன்றோடு கலந்துவிட்டதா என்பது ஐப்பசியில் காய் பிடிக்கும்போது தெரியும். இருபது செடியும் ஒன்று போல் காய்த்தால் அம்மா வென்றார். பிரிந்து காய்த்தால் வரிக்காயாகத் தேர்ந்து, பூவை மூடிக் கட்டி, சில ஆண்டுகளில் மீட்க வேண்டியது என் வேலை.

"படிச்ச பிள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்ற சொல்லை நம்மில் பலர் வீட்டில் கேட்டிருப்போம். அது பாராட்டு மட்டுமன்று, பெரும் பொறுப்பும் ஆகும். நம் பெற்றோர் தம் அனுபவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு நம் சொல்லை ஏற்கிறார்கள். அப்படி ஏற்கும்போது நாம் அரைகுறையாகப் படித்திருந்தால் இழப்பு அவர்களுக்கு.

நண்பர்களே, ஒரு சிறு வேண்டுகோள். இந்த விடுமுறையில் உங்கள் வீட்டுக் குடுக்கையையும் பானையையும் இறக்கிப் பாருங்கள். கொட்டிவிடாதீர்கள். அது என்ன விதை, யார் கொடுத்தது, எந்தப் பட்டத்துக்கு உரியது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். கல்லூரி திறந்ததும் ஒரு சிட்டிகை விதையைத் தாளோடு மடித்துக் கொண்டுவாருங்கள். தாவரவியல் துறைக்குப் பின்னால் உள்ள வெற்று நிலத்தில் நான்கு பாத்தி போட இடம் இருக்கிறது. ஆசிரியப் பெருமக்கள் அனுமதித்தால், மண்வெட்டி எங்கள் வீட்டிலிருந்து வரும்.